துண்டு வெட்டிய பின்னர்

“துண்டு வெட்டியாயிற்று” என்ற சொல் நோயாளிக்கும் சுற்றத்தாருக்கும் எத்துணை ஆறுதலைத் தருகின்றது! ஆனால், அதுவரை வைத்தியரும் தாதியரும் தாங்கிய பொறுப்பு அந்நேரம் முதல் வீட்டாரின் கைக்கு மாறுகின்றது. அப்பொறுப்பை நிறைவேற்ற அவர்களுக்குள்ள வழிகாட்டி, வைத்தியசாலையில் எழுதிக் கொடுக்கும் அட்டையே.

அவ்வட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில், சுருக்கக் குறிகளுடன் எழுதப்படுகின்றது. “பி.டி.” என்றால் நாளுக்கு இருமுறை, “ரி.டி.எஸ்.” என்றால் மும்முறை, “நொக்ரே” என்றால் இரவில். வைத்தியருக்கு வைத்தியர் எழுதுமிடத்து இவ்விலத்தீன் குறிகள் பொருந்தும். மருந்தை எடுத்துக் கொடுக்கும் மனைவிக்கோ மகனுக்கோ இவற்றால் யாது பயன்?

அளவு பிறழ்ந்தால் மருந்தே நஞ்சாகும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதொற்றெக்சேற் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத்தக்கது. தவறாக நாள்தோறும் உட்கொண்டால், உடலில் இரத்தம் ஊறுவது குன்றி உயிரே போகலாம். “திங்கட்கிழமை மட்டும்” என்ற இரண்டு சொற்கள் அவ்வாபத்தைத் தடுக்க வல்லன. பெயர் மயக்கமும் தீங்கு தரும். பனடோலும் பரசிற்றமோலும் ஒரே மருந்து என்பதறியாது இரண்டையும் சேர்த்து விழுங்குவோர் உளர்.

இவற்றையெல்லாம் தமிழில் எழுத இயலுமோ என ஐயுறுவோர் மானிப்பாயை நினைத்தல் வேண்டும். 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தாமே தமிழ் கற்று, பின்னர் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். அவர் முயற்சியால் ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘வைத்தியாகரம்’ 1872 இலும் வெளிவந்தன. சத்திர சிகிச்சை நூல் முழுவதையும் தாங்கிய தமிழ், ஓர் அட்டையைத் தாங்காதா?

ஆங்கிலமே தாய்மொழியான நாட்டிலும் இக்குறை உணரப்பட்டுள்ளது. வெளிநோயாளர் பற்றிய கடிதங்களை நோயாளிக்கே நேராக, எளிய சொற்களில் எழுதுமாறு பிரித்தானிய வைத்தியக் கல்லூரிகளின் கழகம் 2018 இல் அறிவுறுத்தியது. குறிகளை விடுத்து “நாளுக்கு இருமுறை” என விரித்தெழுதுதல் அவ்வறிவுரைகளுள் ஒன்று.

அடுத்து நோயாளியைப் பார்க்கும் வைத்தியருக்காக ஆங்கிலக் குறிப்பு இருக்கட்டும். வீட்டாருக்காகத் தமிழில் ஐந்து செய்திகள் வேண்டும்: வந்த நோய் யாது, செய்த சிகிச்சை யாது, எந்த மருந்தை எவ்வளவு, எப்பொழுது, எத்தனை நாள் உட்கொள்வது, பழைய மருந்துகளுள் எவற்றை நிறுத்துவது, எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வருவது. கிளினிக் நாளையும் அதன்கீழ்க் குறித்தல் நன்று. “மூச்சுத்திணறல் கூடினால், கால் வீங்கினால் தாமதியாது வருக” என்பது போன்ற ஒரு வரி, எழுத அரை நிமிடமும் பிடியாது.

வீட்டாருக்கும் கடமையுண்டு. வீட்டிலுள்ள பழைய மருந்துகளையெல்லாம் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று காட்டுங்கள். புறப்படுமுன் அட்டையிலுள்ளதை விளக்குமாறு கேளுங்கள். கேட்டதை உங்கள் வாயாற் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். கேட்பதற்கு வெட்கப்படுதல் வேண்டாம்.

வைத்தியம் பயிலும் மாணவர்களே! உங்கள் பேனா எழுதுவதை இரவு எட்டு மணிக்கு ஒரு குடும்பம் விளக்கடியில் வைத்துப் படிக்கப்போகின்றது. அவ்வேளையில் நீங்கள் அருகில் இருக்கமாட்டீர்கள்; உங்கள் எழுத்து மட்டுமே இருக்கும்.