ஒடியனுக்கு எந்த உடுப்பு?

திரைப்படத்தில் வரும் மாய உருவமொன்றுக்கு உடை வடிவமைப்பவர், தையற்காரர் தைத்த துணி எந்த இடத்தில் முடிந்து கணினி வரையும் துணி எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. எருத்தேன்பதி போன்ற தமிழ் வழங்கும் எல்லையூர்களையும் உள்ளடக்கிய பாலக்காடு மாவட்டத்தில் வழங்கிவரும் ஒடியன் கதை, இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு ஆகும்.

மின்விளக்கு வராத காலத்து இரவுகளில், காதின் பின்புறம் ஒரு மருந்தைத் தடவிக்கொண்டு எருதாகவோ எருமையாகவோ உருமாறி, வழியில் வருவோரை அச்சுறுத்துபவனே ஒடியன் என்பது வழக்கு. அவ்வாறு மாறிய விலங்குக்கு வாலோ ஒரு காலோ குறைந்திருக்கும் என்பதும், அக்குறையைக் கொண்டே அது ஒடியன் என்று கண்டுகொள்ளலாம் என்பதும் கதையின் நுட்பமான பகுதி. கொம்பும் கோரைப்பல்லும் ஒட்டி மிரட்ட முனையும் வடிவமைப்பாளருக்கு, ஒன்றைக் குறைப்பதாலேயே அச்சம் பிறக்கும் என்று அக்கதை சொல்லிக்கொடுத்துவிடுகிறது. இக்கதைகள் பாணர், பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினரோடு பிணைத்தே சொல்லப்படுவன ஆதலால், இவ்வுருவத்தின் உடை கேலிச்சித்திரமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் வடிவமைப்பாளருக்கு உண்டு.

2018 டிசம்பர் 14 அன்று வெளியான ‘ஒடியன்’ என்னும் மலையாளப் படத்தில் மோகன்லால் ஏற்ற மாணிக்கன் என்னும் பாத்திரத்தின் அடையாளமாக நின்றது, உடலைச் சுற்றிப் போர்த்திய கறுப்புக் கம்பளி. தடித்த கம்பளி தோளிலிருந்து மடிப்பு குறைவாகக் கனத்து இறங்கும்; கையும் இடுப்பும் அதனுள் மறைந்துவிட, இருட்டில் எஞ்சுவது வெளிக்கோடு மட்டுமே. மனித உடல் விலங்குடலாக மாறும் ஒட்டுவாயைக் கணினிக் கலைஞர் ஒளித்துக்கொள்வதற்கு இதைவிட எளிய திரை வேறில்லை எனலாம்.

ஆயினும் கம்பளிக்கும் விலை உண்டு. நடிகரின் உருவத்தை நகலெடுத்துக் கணினியில் அமைக்கும் ‘டிஜிட்டல் இரட்டை’ அதே கம்பளியைப் போர்த்தித் தாவும்போது, துணியின் எடை, விறைப்பு, உராய்வு ஆகியவற்றைக் கணக்கிட்டு அதன் அசைவை உருவாக்கும் முறை துணிப் பாவனை எனப்படுகிறது. நூலின் மேல் நிற்கும் மயிர்ப்பிசிறுகள் அக்கணக்கைப் பன்மடங்காக்கிவிடும். பச்சைத் திரையின் முன் எடுக்கும் காட்சியில், திரையோடு சேர்ந்து உடையும் அழிந்துபோகக்கூடும் என்பதால் உடையில் பச்சை தவிர்க்கப்படுகிறது; பளபளக்கும் பித்தளை அணிகளும் அந்தப் பச்சையை வாங்கி முகத்துக்கு நேராகவே காட்டிக்கொடுத்துவிடும். இவற்றோடு, சண்டைக்கும் மழைக்குமாக ஒரே உடையைப் பல நகல்கள் தைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சாயத்தை மங்கச் செய்து, எல்லாவற்றையும் ஒரே அளவு பழசாக்கும் கைவேலையும் இருக்கிறது. பார்வையாளர் கண்ணில் படவே கூடாத இவ்வேலைதான் பெரும்பாலும் உருவத்தை நம்பவைக்கிறது.

2014 மே 23 அன்று வெளியான ‘கோச்சடையான்’ என்னும் படம், துணியில் தைத்த உடையை நம்பும் இவ்வழிக்கு மறுகோடி. நடிகரின் அசைவுகளை மட்டும் பதிவுசெய்து கணினி உருவத்துக்கு ஏற்றும் அசைவுப் பதிவு முறையில் அப்படம் உருவானதால், நடிகர்கள் குறிப்பொட்டுகள் பதித்த இறுக்கமான உடையில் நடிக்க, கவசமும் அணிகலனும் பின்னரே கணினியில் பூட்டப்பட்டன. எடையை உணராமல் நடக்கும் உடலுக்குக் கனத்த கவசத்தைப் பின்னால் ஏற்றினால் அசைவும் இரும்பும் ஒன்றையொன்று மறுத்துக்கொள்ளும். இம்முறையின் அடிப்படை இடர் இதுவே.

இந்த எடைச் சிக்கலே எழாத ஓர் உடைக் கலை பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் கணினிக்கு நெடுங்காலம் முன்பே வளர்ந்தது. கம்பராமாயணப் பாடல்களைப் பாடி நடத்தும் தோல்பாவைக்கூத்தில், பாவையின் ஆடையும் மணியும் முடியும் மான்தோலில் உளியால் இட்ட துளைகளே ஆகும். திரைக்குப் பின்னே வரிசையாக எரியும் 21 விளக்குகளின் ஒளி அத்துளைகள் வழியே நுழைந்து வெண்துணியில் விழ, சுடர் நடுங்கும்தோறும் இராவணனின் மார்பணி அசைகிறது.