மலைக்குள் வந்த கடல் – 12
பால் மரத்துக்கு ஒரு காவல் விமானம்

2022 ஓகஸ்ட் 15இல் இந்தியா தந்த டோனியர் கடற்கண்காணிப்பு விமானம் கட்டுநாயக்கவுக்கு வந்ததும், மறுநாளே சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்குள் நுழைந்ததும் நினைவிருக்கும். இல்லாதவர்கள் சென்ற இதழைப் புரட்டுங்கள். இந்த வாரம் விமானப்படைச் செலவில் விழுந்த வெட்டுகளை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் 1942 குறுக்கே வந்து நிற்கிறது.

அந்தப் பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா ஏற்கெனவே ஜப்பானிடம் போயிருந்தது. மார்ச்சில் ஜாவாவும் போனது. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பங்கு இலங்கையுடையது. கேகாலை, இரத்தினபுரிச் சரிவுகளில் பால் வடிந்தால்தான் லொறிக்கும் விமானத்துக்கும் டயர். தோட்டத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

காலிக்கு அருகே கொக்கல ஏரியில் கட்டலினா கண்காணிப்பு விமானங்கள் மிதந்துகொண்டிருந்தன. வேகம் கிடையாது, ஆனால் ஒரு பகல் முழுக்க வானில் நிற்கும். கனடாவின் 413ஆவது அணியைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் அங்கே வந்து இரண்டு நாள்தான். ஏப்ரல் 4 பின்னேரம், திரும்பப் போகும் நேரத்தில், தெற்கு அடிவானில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தார்கள்: ஐந்து விமானந்தாங்கிகளோடு ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை. செய்தியை மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கையில் வானொலிக் கருவி குண்டுபட்டுச் சிதறியது. வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு கைதியானார்கள். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. ஆனால் துறைமுகத்துக் கப்பல்கள் பல அதற்குள் வெளியேறியிருந்தன.

இறப்பர் தப்பியது, மரம் தப்பவில்லை. வழக்கமாக மரத்துக்கு ஒரு வெட்டு, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். யுத்த அவசரத்தில் ஒரே மரத்தில் பல வெட்டுகள். ஏணி வைத்துக் கிளைவரை ஏறி, பட்டையே மிஞ்சாமல் பால் எடுத்தார்கள். ஓய்ந்துபோன மரங்களைப் பிடுங்கி மீள்நடுகை செய்ய 1953இல் அரசு மானியம் கொடுக்க வேண்டிவந்தது.

கொக்கலயில் அந்த அனுபவம் பெற்ற பிரித்தானியாவுக்குக் கண்காணிப்பு விமானத்தின் அருமை தெரிந்திருக்க வேண்டும். அதே பிரித்தானியா 2010இல், மூன்று பில்லியன் பவுணுக்கு மேல் கொட்டிய பிறகு, நிம்ரொட் எம்ஆர்ஏ4 கடற்கண்காணிப்பு விமானத் திட்டத்தை வெட்டியது. அடுத்த வருடம் விமானங்களைத் துண்டு போட்டார்கள். 2014 இறுதியில் ஸ்கொட்லாந்துக் கரையோரம் அந்நிய நீர்மூழ்கி திரிவதாகச் சந்தேகம் எழுந்தபோது, தேடுவதற்கு நேச நாடுகளின் விமானங்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று. சொந்தத்தில் பொசைடன் கண்காணிப்பு விமானம் வர 2020 ஆனது.

இந்த வகை விமானத்தை நிறுத்தினால் மறுநாள் எதுவும் நடக்காது. நிதியமைச்சுகளுக்கு அது வசதி. தரையைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு கடல் நமக்கு உண்டு. 2022இல் அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றிய நாடு அதைப் பார்க்க எதை நம்பியிருக்கிறது? இந்தியா தந்த டோனியர், 2024 ஒக்டோபரில் அமெரிக்கா தந்த கிங் எயார் விமானம் என்று அன்பளிப்புகளை. கொடுத்தவர் கண்ணில் படக்கூடாததை அந்த விமானம் பார்க்குமா?

அந்தக் கேள்வியும், இன்று எழுதாமல் விட்ட வெட்டுக் கணக்கும் அடுத்த வாரம். வேறு யுத்தம் எதுவும் குறுக்கே வராவிட்டால்.