போலீஸ் இல்லாத ஆளுநர்

அந்நியர் தரும் ஆளுநர் பதவிக்கு ஒரு விலை உண்டு. கி.பி. 66ல் ரோம் சார்பில் எகிப்தை ஆண்ட திபேரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர் பிறப்பால் யூதர். அலெக்சாண்டிரியாவில் யூதர்கள் கலகம் செய்தபோது அவர்கள் மீதே ரோமானியப் படையை ஏவினார். 70ல் ஜெருசலேமை முற்றுகையிட்ட படையிலும் இருந்தார்.

அந்தமானுக்கு வந்த தமிழ் ஆளுநரின் கதை இதற்கு நேர் எதிர். டெலானிபூர் உள்ளிட்ட போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1942 மார்ச்சில் ஜப்பானியர் வசமானது. 1943 டிசம்பர் 30ல் அங்கு நேதாஜி மூவர்ணக் கொடி ஏற்றினார். தீவுகள் ஆசாத் ஹிந்த் அரசுக்கே என்றது ஜப்பான். ஆனால் ஒரே மாதத்தில், ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டி, ஹம்ஃப்ரேகஞ்சில் 44 இந்தியர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர்.

1944 பிப்ரவரியில் தலைமை ஆணையராக வந்தார் ஏ.டி. லோகநாதன். ராணுவ மருத்துவராக இருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர். போலீஸ் துறையைக் கேட்டார். போரைக் காரணம் காட்டி ஜப்பானியர் மறுத்தனர். போலீஸ் கையில் இல்லாமல் மக்களைக் காப்பது எப்படி? முழு நிர்வாகத்தை ஏற்காமல், கல்வித் துறையை மட்டும் நடத்தினார். சில மாதங்களில் உடல்நலம் குன்றித் தீவை விட்டுப் போனார்.

1945ல் ஜப்பானியர் கைவிட்டுப் போன ரங்கூனில், பிரிட்டிஷ் படை வரும்வரை கொள்ளை நடக்காமல் காத்தவர்கள் அவர் தலைமையிலான ஐ.என்.ஏ. வீரர்கள். அந்தமானில் மறுக்கப்பட்ட வேலை அது.