நீதிபதி வீட்டிற்கும் வேண்டும் எழுத்துச் சான்று!



குடும்பத் தலைவர் மறைந்தபின் மனைவி மக்களின் கதி என்ன? இக்கேள்வி பட்டறைத் தொழிலாளியின் வீட்டிற்கு மட்டும் உரியதன்று. உயர் நீதிமன்ற நீதிபதியின் வீட்டிற்கும் உரியது.

அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிபதியாகப் பதவியேற்பவர், தமக்குப்பின் குடும்பத்திற்கு உதவித்தொகை கிடைக்க விரும்பினால், ஆறு மாதத்திற்குள் தாமே எழுதிக் கொடுத்துத் திட்டத்தில் சேர வேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கையும் செலுத்திவர வேண்டும்.

நம் நாட்டில் அவ்வாறில்லை. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் குடும்ப ஓய்வூதியத்திற்கு 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி செய்யப்பட்டுள்ளது. ஆயினும், கூடுதல் நீதிபதியாக இருந்தவரின் குடும்பத்திற்கும் நிரந்தர நீதிபதியின் குடும்பத்திற்குரிய பயன்கள் உண்டா என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 மே 19 அன்று, தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு, இவ்விரு குடும்பங்களுக்கிடையே வேறுபாடு கூடாது எனத் தீர்ப்பளித்தது. நீதி வழங்கியோரின் குடும்ப உரிமைக்கே தீர்ப்பொன்று தேவைப்பட்டதென்றால், நாம் எவ்வளவு கவனமாக இருத்தல் வேண்டும்!

துடியலூரிலிருந்து நாள்தோறும் கோவையின் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் செல்லும் சகோதரரே! உமது சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கப்படுகிறதா? 1995 நவம்பர் 16இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் நீர் உறுப்பினரா? ஒரு மாதச் சந்தா செலுத்திய நிலையில் பணிக்காலத்தில் இறந்தவரின் மனைவிக்கும் அதில் ஓய்வூதியம் உண்டு. ஒரே நேரத்தில் இரு பிள்ளைகளுக்கு 25 வயதுவரை உதவியும் உண்டு.

ஆனால், படிவத்தில் யார் பெயர் இருக்கிறது? திருமணத்திற்கு முன் அன்னையின் பெயரை எழுதியிருப்பீர். நிக்காஹ்வுக்குப்பின் அந்த பி.எஃப். நியமனம் செல்லாது, புதிதாக எழுத வேண்டும். நிக்காஹ் பதிவேட்டில் ‘பீவி’, ஆதாரில் ‘பேகம்’, குடும்ப அட்டையில் வேறொன்று என மனைவியின் பெயர் மாறியிருந்தால் இன்றே திருத்துவீராக. நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டிய பெண்ணை அலுவலகப் படிகளில் அலைய விடலாமா?

மற்றொன்றையும் அறிக. குடும்ப ஓய்வூதியம் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தன்று. அதை உயிலால் பிறருக்கு எழுதிவைக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 1991இல் கூறியது. விதி யாருக்கு வழங்குகிறதோ, அது அவருக்கே உரியது. வங்கிச் சேமிப்பு அவ்வாறன்று. அங்கே நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரேயன்றி, முழு உரிமையாளர் அல்லர். அது ஷரீஅத் முறைப்படி வாரிசுகளுக்குப் பங்கிடப்பட வேண்டிய அமானிதம். பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று. இல்லையேல் நான்கில் ஒன்று.

கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்குமாறு பணித்த மார்க்கம் நம்முடையது. மனைவி மக்களின் உரிமையை எழுதாமல் விடுவது தவக்குலாகாது, அது அலட்சியமேயாகும்.

சகோதரியே! இந்த இதழை மூடுமுன் உம் கணவரிடம் மூன்று கேள்விகள் கேளும்: பி.எஃப். எண் எது? படிவத்தில் யார் பெயர் உள்ளது? நகல் எங்கே இருக்கிறது? மரணத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனமன்று. பின்னிருப்போர்மீது கொண்ட அன்பின் அடையாளம்.

வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களைப் பிறரிடம் கையேந்தும் நிலையிலிருந்து காப்பானாக! ஆமீன்.