கந்தலானாலும் கைவிடாத துணை

சின்னக் குழந்தை உள்ள வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு பொருளைக் காணலாம். சில வீடுகளில் அது காது பிய்ந்த கரடிப் பொம்மை. சில வீடுகளில் தலையணை உறை. நம் ஊரிலோ பெரும்பாலும் அம்மாவின் பழைய நூல் புடவை. அது மூக்கருகே இருந்தால்தான் குழந்தைக்குத் தூக்கம் வரும். விருந்தாளி வந்தால் பெரியவர்கள் அதை ஒளித்து வைக்கிறார்கள். பள்ளியில் சேர்த்ததும், "இன்னுமா இந்தக் கந்தல்?" என்று கேலி தொடங்கிவிடுகிறது. இது கெட்ட பழக்கந்தானா என்று சற்று ஆராய்வோம்.

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் மனநூல் அறிஞருமான டொனால்டு வினிகாட் என்பவர் 1951-ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். பச்சைக் குழந்தைக்குத் தானும் தாயும் வேறு வேறு என்பது தெரியாது. மாதங்கள் சில சென்றபின் அம்மா எழுந்து போவதும், தான் தனியே இருப்பதும் மெல்லப் புரிகின்றன. அந்த வேளையில் குழந்தை தானாகவே ஒரு பொருளைப் பற்றிக்கொள்கிறது. அது அம்மாவும் அல்ல, தன் உடம்பும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம். அதைக் குழந்தைதான் தேர்ந்தெடுக்கும். மாமா வாங்கி வந்த விலையுயர்ந்த பொம்மை அலமாரியிலேயே தூங்குவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

அப்பொருளைத் துவைத்தால் அதன் வாசனையோடு மதிப்பும் போய்விடக்கூடும் என்றும் அவர் எழுதினார். சுகாதாரப் பாடம் படித்த நமக்கு இது சங்கடமான செய்திதான்!

அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்ற பேராசிரியர் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, இரண்டு பொய்த் தாய்களிடம் விட்டார். கம்பியாலான தாயிடம் பால் புட்டி இருந்தது. துணி போர்த்திய தாயிடம் ஒன்றுமில்லை. குட்டிகளோ பாலுக்கு மட்டும் கம்பியிடம் சென்று, நாளின் பெரும்பகுதியைத் துணியை அணைத்தபடியே கழித்தன. பயந்தபோதும் துணியிடமே ஓடின. முடிவுகள் 1958-இல் வெளியாயின. அந்தக் குட்டிகளை நினைத்தால் எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை; ஆனால் பசியைவிடப் பெரிய தேவை ஒன்று உண்டென்று உலகுக்குச் சொன்னவை அவைதாம்.

புரூஸ் ஹுட், பால் புளூம் என்னும் இருவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. எதை வைத்தாலும் அதைப்போலவே இன்னொன்று செய்துதரும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். சாதாரணப் பொம்மை என்றால் புதியதை வாங்கிக்கொள்ளக் குழந்தைகள் தயங்கவில்லை. தாங்கள் அணைத்துத் தூங்கும் பொம்மையையோ சிலர் உள்ளே வைக்கவே சம்மதிக்கவில்லை. சம்மதித்தவர்களிலும் பெரும்பாலோர் பழையதையே திருப்பிக் கேட்டனர்.

ஆகவே பிடுங்கி எறிந்துவிட்டு, "புதிது வாங்கித் தருகிறேன்" என்பதில் பயனில்லை. பறிக்கவும் தேவையில்லை, குழந்தை வளர வளர அப்பொருளின் முக்கியத்துவம் தானே தேய்ந்துபோகும் என்கிறார் வினிகாட். அதற்காகக் குழந்தை அழுவதும் இல்லையாம்.

ஆனால் புதிய இடத்தில், முதல் இரவில், அந்தத் தேவை பெரிய பிள்ளைகளுக்கும் திரும்பி வரலாம். ஆறாம் வகுப்பில் விடுதிக்கு வரும் தங்கைகளுக்குப் பெட்டி அடுக்கும் பெற்றோர்கள், புதிய போர்வையோடு அம்மா உடுத்திய புடவை ஒன்றையும் துவைக்காமல் மடித்து வைத்தனுப்பலாம். விடுதி சிஸ்டர் ஆட்சேபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.