பொதுத்தேர்வு ஆண்டில் பறிபோகும் உறக்கம்

தமிழ்நாட்டில் மாணவர்களின் மனநலம் பெரும்பாலும் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில்தான் பேசப்படுகிறது என்றாலும், பாதிப்பு உருவாவது அந்த வாரத்தில் அன்று. ஜூனில் பள்ளி திறந்தது முதல் மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கும்வரை, காலைச் சிறப்பு வகுப்பு, மாலை டியூஷன், ஒன்றன்பின் ஒன்றாக வரும் திருப்புதல் தேர்வுகள் என இடைவெளியின்றி நீளும் மாதங்களில்தான் அது சிறுகச் சிறுகச் சேர்கிறது.

மன அழுத்தம் தன்னளவில் நோய் அன்று. ஒரு சவால் முன்னால் நிற்கும்போது உடலும் மனமும் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் நிலையே அது. ஓரளவு தூண்டல் கற்றலுக்கு உதவும் என்பதையும், கடினமான பணியில் அது மிகுந்தால் திறன் சரியும் என்பதையும் அமெரிக்க உளவியலாளர்களான ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் சுண்டெலிகளைக் கொண்டு செய்த ஆய்வு 1908இலேயே சுட்டியது. நெருக்கடியின்போது அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. நெருக்கடி நீங்கி அது தணிந்தால் தீங்கில்லை, தணிய இடமே தராமல் மாதக்கணக்கில் தொடர்ந்தால், நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியின் செயல்பாடு குன்றக்கூடும்.

பொதுத்தேர்வு ஆண்டில் முதலில் பறிக்கப்படுவது உறக்கம். 13 முதல் 18 வயதுவரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்பது மருத்துவப் பரிந்துரை. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் பதின்பருவத்தில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குவதால், இரவு பதினொரு மணிக்கும் கண் அயராமல் இருப்பது இவ்வயதினரின் உடலியல்பு. அவர்களை விடியற்காலை நான்கரைக்குப் படிக்க எழுப்பினால் எஞ்சுவது ஐந்தரை மணி நேரமே. பகலில் கற்றதை மூளை நிலையான நினைவாகப் பதிப்பதில் உறக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்பதால், கூடுதலாகப் படிக்கவென்று உறக்கத்தை வெட்டும்போது படித்ததே தங்காமல் போகிறது. உறக்கக்குறைவு பதற்றத்தைக் கூட்ட, பதற்றம் மறுபடி உறக்கத்தைக் கெடுக்கிறது. இந்தச் சுழற்சியைத் தளர்த்தவல்ல விளையாட்டும், பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தால் இல்லாமற்போகிறது.

காரணம் புலப்படாத தலைவலி, தேர்வு நாளன்று வரும் வயிற்றுவலி, அற்ப விஷயத்திற்கும் எழும் கோபம், நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவை வீட்டில் சோம்பலாகவோ திமிராகவோ பார்க்கப்படுவதே பெருந்துயரம். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி, நாளின் பெரும்பகுதி சோர்ந்திருந்தால், அது மருத்துவ உதவி தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தனர். இவற்றுக்கெல்லாம் தேர்வே காரணம் என்று கூற இயலாது, ஒவ்வோர் இறப்பிலும் பல காரணங்கள் பின்னிக்கிடக்கின்றன.

மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017இல் கைவிட்டது நல்ல முடிவு. பிளஸ் ஒன் பாடங்களைத் தள்ளிவிட்டுப் பிளஸ் டூ பாடங்களை இரண்டாண்டு உருப்போட வைத்த பள்ளிகளைத் திருத்தவே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. நோக்கம் சரியானதாயினும், பிள்ளைகள் தொடர்ந்து மூன்றாண்டு பொதுத்தேர்வு எழுத நேர்ந்தது. 2025ஆம் ஆண்டின் மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியது.

அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்களில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்றும், மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்தலும் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தலும் கூடாது என்றும் வழிகாட்டியது. ஆலோசகரை நியமிப்பதோடு நின்றுவிடும் பள்ளி, மெல்லக் கற்போரைத் தனி அறையில் அமர்த்துவதைத் தொடருமானால், காயத்தை ஏற்படுத்திக்கொண்டே மருந்திடுவதாகும். ஆகவே பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் மதிப்பெண்ணுக்கு முன்பாகக் கேட்க வேண்டியது, வகுப்புகள் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகின்றன என்பதே. பிள்ளையின் பேச்சில் நம்பிக்கையிழப்பு தென்பட்டால், முடிவு வரும் நாள்வரை காத்திராமல், 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலோ தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணிலோ உடனே பேசலாம்.