நெடுவாசலுக்கு ஹைட்ரோகார்பன் தெரியும்... ஹைட்ரோகிராக்கிங் தெரியுமா? - உங்க டீசலின் மணலி ஃப்ளாஷ்பேக்!

"நெடுவாசல்ல ஹைட்ரோகார்பன் வேணாம்னு போராடுறீங்க. அப்புறம் எதுக்கு பைக்குக்கு பெட்ரோல் போடுறீங்க?"

2017-ல் ஆரம்பித்து புதுக்கோட்டைக்காரர்கள் ஆன்லைனில் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி இது. கேட்பவர் ஏதோ மடக்கிவிட்ட சந்தோஷத்தில் ஒரு சிரிப்பு எமோஜியையும் தட்டிவிட்டுப் போவார்.

கிண்டல்தான். ஆனாலும் அதில் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. பைக்குக்குப் போடுற பெட்ரோலும், டவுன் பஸ் குடிக்கிற டீசலும் எங்கேருந்து வருது? அதை யார், எப்படித் தயாரிக்கிறாங்க? அந்த ரூட்டைப் பிடித்துப் போனால் நெடுவாசலுக்குப் போக மாட்டோம். சென்னைக்கு வடக்கே, மணலிக்குத்தான் போய்ச் சேருவோம்.

அதற்கு முன்னால் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஹைட்ரோ' என்று ஆரம்பிக்கும் எல்லா வார்த்தையும் டெல்டா பக்கம் ஒரே மாதிரி பயமுறுத்துகிறது. ஹைட்ரோகார்பன் என்பது ஒரு திட்டத்தின் பெயர் இல்லை, பொருளின் பெயர். ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த எதுவும் ஹைட்ரோகார்பன்தான். சமையல் கேஸ், பெட்ரோல், மெழுகுவத்தி என எல்லாமே இந்தக் குடும்பம்தான். ஹைட்ராலிக் ஃபிராக்சரிங் என்பது வேறு. தண்ணீரையும் மணலையும் ரசாயனங்களையும் அதிக அழுத்தத்தில் பூமிக்குள் செலுத்தி, பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறை அது. மூன்றாவது, ஹைட்ரோகிராக்கிங். இது பூமிக்குள் நடப்பதே இல்லை. சுத்திகரிப்பு ஆலைக்குள், இரும்புக் கலனுக்குள் நடப்பது. இங்கே உடைபடுவது பாறை இல்லை, எண்ணெயின் மூலக்கூறு.

நம்ம கதை இந்த மூணாவது ஆளைப் பத்தினது.

அடியில் தங்கும் 'கெட்டி'

கச்சா எண்ணெய் என்றதும் கறுப்பாக ஒரு திரவம் ஞாபகம் வரும். ஆனால் அது ஒரே பொருள் இல்லை, கலவை சாதம் மாதிரி. கார்பன் அணுக்கள் சங்கிலியாகவும் வளையமாகவும் கோத்துக் கிடக்கும். பெட்ரோல் என்றால் ஒரு மூலக்கூறில் ஏறக்குறைய 5 முதல் 12 கார்பன். டீசல் என்றால் 10-லிருந்து 20 சொச்சம். அதற்கு மேலே போகப் போக எண்ணெய் கெட்டியாகும், கறுக்கும். கடைசியில் மிஞ்சுவது ரோட்டுக்குப் போடும் தார்.

ஆலையில் முதல் வேலை, கச்சா எண்ணெயை 350 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்கி, உயரமான கோபுரத்துக்குள் அனுப்புவது. லேசானவை ஆவியாகி மேலே போகும், கனமானவை கீழே நிற்கும். அடியில் நிற்பதை இன்னும் சூடாக்கினால் கருகிவிடும். அதனால் அழுத்தத்தைக் குறைத்து, வெற்றிடத்தில் வைத்துக் கொதிக்கவிடுவார்கள். கொடைக்கானலில் தண்ணீர் நம்ம ஊரைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறதே, அதே லாஜிக்தான். அப்படிப் பிரிந்து வரும் ஒரு கனமான எண்ணெய்க்கு 'வாக்யூம் கேஸ் ஆயில்' என்று பெயர். பலாப்பழம் உரித்த கையில் ஒட்டுமே ஒரு பிசின், கிட்டத்தட்ட அந்த ரகம். இதை எந்த வண்டியிலும் ஊற்ற முடியாது.

பிரச்னை என்னவென்றால், எல்லா கச்சா எண்ணெயிலும் இந்தக் கெட்டிப் பகுதி ஒரே அளவில் இருக்காது. நம்ம காவிரிப் படுகையில் நரிமணத்தில் கிடைப்பது கந்தகம் குறைந்த, லேசான ரகம். ஆனால், அதன் அளவு கொஞ்சம்தான். இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. வளைகுடா நாடுகளிலிருந்து வருவதில் பெரும்பகுதி கந்தகம் அதிகமுள்ள, கனமான ரகம். கனம் கூடினால் விலை குறைவு. அந்தப் பிசினை டீசலாக மாற்றத் தெரிந்த ஆலைக்கு லாபம். தெரியாத ஆலை, அதை ஃபர்னஸ் ஆயில் என்று குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

டால்டா தெரியும்ல?

நீளமான சங்கிலியை வெட்டினால் குட்டிச் சங்கிலி கிடைக்கும். இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். வித்தை, வெட்டிய பிறகுதான். வெட்டுப்பட்ட முனைகள் சும்மா இருக்காது. கைக்குக் கிடைத்த பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துப் பிடித்துப் பெருத்து, கடைசியில் வெறும் கரியாகிவிடும். பஜ்ஜிக் கடையில் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கறுத்துக் கெட்டியாகி வாணலியில் ஒட்டிக்கொள்கிறதே, அதற்குத் தூரத்துச் சொந்தம்.

இதைத் தடுக்கத்தான் ஹைட்ரஜன். சங்கிலி அறுந்த உடனே அந்த முனையில் ஒரு ஹைட்ரஜன் போய் உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது. முனை அடங்கிவிடும், யாரையும் பிடிக்காது. தாவர எண்ணெயில் நிக்கல் வினையூக்கியை வைத்து ஹைட்ரஜனை ஏற்றித்தான் டால்டா தயாரித்தார்கள். இங்கேயும் ஹைட்ரஜனை ஏற்றுகிறோம், கூடவே சங்கிலியை உடைக்கவும் செய்கிறோம். அதனால் டால்டா மாதிரி கெட்டியாகாமல், இளகி டீசலாகிவிடுகிறது.

சொல்வதற்கு ஈஸி. செய்வதற்கு 350 முதல் 430 டிகிரி வரை வெப்பமும், 100 முதல் 200 பார் வரை அழுத்தமும் வேண்டும். உங்க பைக் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். அதைப் போல 50-லிருந்து 100 மடங்கு அழுத்தத்தில், எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜனை, கொதிக்கும் எண்ணெயோடு அடைத்து வைக்க வேண்டும். சாதாரண இரும்பு இதைத் தாங்காது. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் இரும்புக்குள்ளேயே ஊடுருவி, அதைப் பலவீனமாக்கிவிடும். அதனால், கலன்களுக்குக் குரோமியம் கலந்த சிறப்பு எஃகைத் தடிமனான சுவராக்கி, உள்ளே இன்னொரு துருப்பிடிக்காத பூச்சும் கொடுக்கிறார்கள்.

கலனுக்குள் மணிமணியாக நிரப்பியிருப்பது வினையூக்கி. இதற்கு இரண்டு வேலை. ஜியோலைட் எனும் அலுமினிய-சிலிக்கான் தாதுவில் இருக்கும் அமிலத்தன்மை சங்கிலியை உடைக்கும். அதன் மேல் ஏற்றப்பட்ட நிக்கல், மாலிப்டினம், டங்ஸ்டன் மாதிரியான உலோகங்கள் ஹைட்ரஜனைக் கொண்டுபோய் ஒட்டவைக்கும். ஒரு டன் எண்ணெய்க்கு ஏறக்குறைய 20 முதல் 35 கிலோ ஹைட்ரஜன் செலவாகும்.

இந்த யோசனை ஒன்றும் புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் பெர்ஜியஸ் நிலக்கரியையே அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து எண்ணெயாக்கினார். 1931-ல் கார்ல் போஷுடன் சேர்ந்து வேதியியல் நோபல் பரிசும் வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் கச்சா எண்ணெய் கிடைக்காத ஜெர்மனி, இந்த வழியில் தயாரித்த எரிபொருளையும் நம்பித்தான் விமானம் ஓட்டியது. இந்தியாவின் முதல் ஹைட்ரோகிராக்கர் 1993-ல், குஜராத்தின் கோயலி ஆலையில் வந்தது.

தமிழ்நாட்டில் மணலி. 1965-ல் மத்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் சேர்ந்து தொடங்கியது 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ்'. 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு உற்பத்தி ஆரம்பம். இன்றைக்கு அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், சுருக்கமாக சிபிசிஎல். மணலியின் திறன் 105 லட்சம் டன். 2004-ல் ஆலையை விரிவாக்கியபோதுதான் அங்கே ஹைட்ரோகிராக்கர் வந்தது. அடித்தார் போன்ற மிகக் கனமான கழிவை உடைக்க 'கோக்கர்' என்ற யூனிட் பின்னால் சேர்ந்தது. அங்கிருந்து டீசலும் பெட்ரோலும் பைப்லைன் வழியாகத் திருச்சிக்கும் மதுரைக்கும் வருகின்றன. அங்கிருந்து பங்க் வரைக்கும் டேங்கர் லாரி.

பஸ் ஸ்டாண்டில் என்ன மாறியது?

உடைக்கிற வேலையோடு ஹைட்ரஜன் இன்னொரு காரியமும் செய்கிறது. எனக்கு இதுதான் ஹைட்ரோகிராக்கிங்கை விட முக்கியமாகத் தோன்றுகிறது. எண்ணெயில் ஒளிந்திருக்கும் கந்தகத்தைப் பிடுங்கி, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக வெளியே கொண்டுவந்துவிடும். டீசலை உடைக்காமல் கழுவ மட்டுமே செய்யும் தனி யூனிட்டுகளும் ஆலைகளில் உண்டு, 'ஹைட்ரோட்ரீட்டர்' என்பார்கள். அங்கேயும் இதே ஹைட்ரஜன்தான், அழுத்தம் மட்டும் குறைவு.

1990-களின் தொடக்கத்தில் இந்திய டீசலில் 1 சதவிகிதம் வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி. அதாவது ஒரு கிலோவில் 10 கிராம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க அமலுக்கு வந்த பி.எஸ்-6 விதிப்படி ஒரு கிலோவில் 10 மில்லிகிராம்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு! எல்லாரும் லாக்டௌனில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நேரத்தில் வந்ததால், இவ்வளவு பெரிய மாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. கந்தகம் குறைந்ததால்தான் புது வண்டிகளின் சைலன்ஸருக்குள் இருக்கும் வினையூக்கியும் புகை ஃபில்டரும் கெடாமல் வேலை செய்கின்றன. கந்தகம் இருந்தால் அவை ரெண்டும் காலி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய பஸ்ஸையும் புது பி.எஸ்-6 பஸ்ஸையும் அடுத்தடுத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். வித்தியாசத்தை மூக்கே சொல்லிவிடும்.

சரி, அந்தக் கந்தகம் எங்கே போச்சு?

காணாமல் போகவில்லை, மணலியிலேயே நின்றுவிட்டது. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்பது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் விஷ வாயு. அளவு கூடினால் நாற்றமே தெரியாமல் மூக்கு மரத்துப்போகும் என்பதுதான் அதில் பயங்கரம். இந்த வாயுவை ஆலைக்குள்ளேயே எரித்து, வினைபுரியவைத்து, மஞ்சள் கந்தகமாக மீட்டு, உரத்துக்கும் கந்தக அமிலத்துக்கும் விற்கிறார்கள். ஒழுங்காக ஓடினால் அருமையான ஏற்பாடு. அதில் தடங்கல் வந்தால் முதலில் சுவாசிப்பது ஆலையின் சுற்றுச்சுவரை ஒட்டிக் குடியிருப்பவர்கள்.

ஹைட்ரஜனும் சும்மா வரவில்லை. இயற்கை எரிவாயுவையோ நாஃப்தாவையோ நீராவியோடு சேர்த்துத்தான் பெரும்பாலான ஆலைகள் ஹைட்ரஜன் தயாரிக்கின்றன. இந்த வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு சுமார் 9-10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஆக, பஸ்ஸின் பின்னால் புகை குறைந்ததற்கான பில்லில் ஒரு பகுதியை ஆலையின் புகைபோக்கி கட்டுகிறது.

மணலி அந்த பில்லை ரொம்ப நாளாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 43 இடங்களைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகள் என்று பட்டியலிட்டது. அதில் மணலியும் ஒன்று. அங்கே இருப்பது சிபிசிஎல் மட்டுமில்லை; உர ஆலை, ரசாயன ஆலை என்று பெரிய வரிசையே உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. அது சிபிசிஎல் ஆலையிலிருந்து வந்தது என்றது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அலையாத்தி வேர்கள், படகுகள், வலைகள் எல்லாம் கறுத்துக் கிடக்க, மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் வைத்து எண்ணெயை அள்ளிய வீடியோக்களை உங்க ஃபீடிலேயே பார்த்திருப்பீர்கள்.

அந்த எமோஜிக்கு வருவோம்

2017 பிப்ரவரி 15-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்த 31 சிறு எண்ணெய், எரிவாயு வயல்களில் ஒன்று நெடுவாசல். மறுநாளே மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் பேசியது போர்வெல் தண்ணீரை நம்பி வாழையும் பூவும் பலாவும் விளையும் ஒரு மண்ணில் எண்ணெய்க் கிணறு தோண்டலாமா என்பதைப் பற்றி. வண்டி ஓட்டலாமா வேண்டாமா என்பதைப் பற்றி இல்லை. வண்டிக்கான எண்ணெய் கப்பலில் வருகிறது. அதன் அழுக்கை மணலி வாங்கிக்கொள்கிறது. 'பெட்ரோல் போடுறீங்கள்ல' என்ற கேள்வி நியாயமானது என்றால், அதை நெடுவாசல்காரரிடம் மட்டும் கேட்பது ஏன்? டேங்க் ஃபுல் பண்ணுகிற எல்லாரும், கேட்பவரும் சேர்த்து, எண்ணூருக்கும் மணலிக்கும் பதில் சொல்ல வேண்டுமே!

2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களைச் சேர்த்துக்கொண்டது. நெடுவாசல் இருப்பது திருவரங்குளம் ஒன்றியத்தில். புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அங்கே தடை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த திட்டங்களை அந்தச் சட்டம் தொடவில்லை.

அடுத்த காட்சி டெல்டாவிலேயே நடக்கப்போகிறது. நாகப்பட்டினம் பனங்குடியில் 1993-ல் நரிமணம் எண்ணெய்க்காகத் தொடங்கிய சின்ன ஆலையின் இடத்தில், ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனில் புது ஆலை கட்டத் திட்டம். மணலியை எட்டிப்பிடிக்கும் சைஸ். நிலம் கொடுத்தவர்கள் இழப்பீட்டுக்காக ஏற்கெனவே போராடியிருக்கிறார்கள். இந்த மாதிரி ஆலைகளின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள், மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்துக்கு வரும். போனிலேயே திறக்கலாம். நூற்றுக்கணக்கான பக்கம் என்று மிரளாமல் இரண்டே இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். ஹைட்ரஜனை எதிலிருந்து எடுக்கப்போகிறார்கள்? பிரித்தெடுத்த கந்தகத்தில் எத்தனை சதவிகிதத்தை மீட்பார்கள், அந்த யூனிட் நின்றுபோனால் மாற்று யூனிட் இருக்கிறதா? பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைக் கையில் கிடைத்தால், கேட்க வேண்டியதும் இதுதான்.